'உள்ள என்னமோ நடந்திருக்கு... மறைக்கிறாங்க!' - தொழிற்பேட்டை சந்தேகங்களில் எது வதந்தி, எது உண்மை?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நைட் ஷிஃப்ட் நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வேகமாகப் போனால் போதும். காலையில் டீக்கடையில், "உள்ள ஏதோ வெடிச்சிருக்காம்" என்று ஆரம்பிக்கும் பேச்சு, பத்து மணிக்குள் "ரெண்டு பேரு போயிட்டாங்களாம், வெளிய சொல்ல மாட்டாங்க" என்பதில் வந்து நிற்கும். "மேல வரைக்கும் தெரியும்ங்க. எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க" என்று யாராவது ஒருவர் முத்திரை குத்துவார். பெரும்பாலும் அது யாருக்கோ கையில் அடிபட்ட விஷயமாக இருக்கும். சில சமயம் இருக்காது. சிக்கலே அந்த 'சில சமயம்'தான்.

கம்பெனியும் அதிகாரிகளும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தை 'வாட்ஸ்அப் வதந்தி' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அப்படியே நம்பி ஃபார்வேர்டு செய்வது அதைவிட சுலபம். இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்க, இந்த வட்டாரத்திலேயே நடந்த சில சம்பவங்கள் உதவும்.

2021 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. அதில் வேலை பார்த்த இளம்பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி பக்கம் இருந்தது. அங்கே சாப்பிட்ட உணவால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் அறைத் தோழிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் 'எட்டுப் பேர் செத்துட்டாங்க', 'இல்ல, ஒன்பது பேர்' என்று செல்போனில் செய்தி பரவியது.

டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் மறுநாளும் நீடித்தது. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் பேசினார்கள். சிகிச்சையில் இருந்தவர்களை வீடியோ காலில் காட்டி, 'இதோ பாருங்கள், நன்றாக இருக்கிறார்கள்' என்று மாவட்ட ஆட்சியர் நிரூபிக்க வேண்டியிருந்தது. யாரும் இறக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால், 'வதந்தியை நம்பாதீர்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. சமையலறையை ஆய்வு செய்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அங்கே எலிகளையும் மோசமான கழிவுநீர் வசதியையும் பார்த்தார்கள். ஒரே அறையில் 30 பேர்வரை தரையில் படுத்துத் தூங்கியதையும், சில விடுதிகளில் கழிப்பறைக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக வராததையும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் பெண்கள் சொன்னார்கள். 'விடுதிகள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் எங்கள் தரத்துக்கு இல்லை' என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது.

ஆக, சாவுச் செய்தி பொய். ஆனால், "எங்களை மனுஷங்களாவே நடத்தல, எதையும் எங்ககிட்ட சொல்றதில்ல" என்பது நிஜம். பொய்யான செய்திக்காக ரோட்டுக்கு வந்தவர்கள், நிஜமான காரணத்துக்காக வந்தவர்களும்கூட.

அந்த நேரத்தில் தகவல் எப்படிச் சிதறிக் கிடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆலை ஒரு மாவட்டத்தில், விடுதி இன்னொரு மாவட்டத்தில். வேலை ஒரு கம்பெனிக்கு, தங்குமிடமும் சாப்பாடும் கான்ட்ராக்டர் பொறுப்பில். 'என் ஃப்ரெண்ட் எங்கே?' என்று ஒரு பெண் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? வார்டனா, கான்ட்ராக்டரா, ஹெச்.ஆரா, எந்த ஊர் தாசில்தார்? எல்லோரும் 'விசாரிச்சுச் சொல்றோம்' என்றால், கேட்பவர் காதில் அது 'மறைக்கிறோம்' என்றுதான் விழும்.

போதாக்குறைக்கு, கைது நடவடிக்கை வேறு. வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். போராடிய பெண்களில் 67 பேரைப் போலீஸ் பிடித்து வைத்து, செல்போன்களை வாங்கிக்கொண்டு, பெற்றோர்களை அழைத்து எச்சரித்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. பொய்யைத் திட்டமிட்டுப் பரப்புகிறவர்மீது வழக்குப் போடுவது வேறு. பதற்றத்தில் கேள்வி கேட்ட பெண்ணின் போனைப் பிடுங்குவது வேறு. இரண்டாவதைச் செய்தால், சும்மா இருந்தவருக்கும் 'அப்போ ஏதோ இருக்கு' என்று தோன்றத்தானே செய்யும்?

எத்தனை பேர் வாயை மூட வேண்டும்?

மறைப்பு என்று ஒரு பேச்சு வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. எட்டு இளம்பெண்கள் இறந்ததை மறைக்க வேண்டுமென்றால், எட்டுக் குடும்பங்கள், அறைத் தோழிகள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள், நர்ஸுகள், பிணவறை ஊழியர்கள், ஊரில் உள்ள உறவுக்காரர்கள் என்று நூறு பேராவது பேசாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் விட்டுப்போன பெயரையே நாலு நாளில் நாற்பது பேர் பேசிவிடுவார்கள். அது நடக்கிற காரியமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, கான்ட்ராக்டருக்குக் கீழே இன்னொரு கான்ட்ராக்டர் வழியாக வேலைக்குச் சேர்ந்து, வருகைப் பதிவேட்டில் பெயரே ஏறாத தொழிலாளி. அவருக்காகக் கேட்க இங்கே சொந்தபந்தம் இல்லை. அப்படிப்பட்டவர் விஷயத்தில் மூட வேண்டிய வாய்கள் மிகக் குறைவு. கும்மிடிப்பூண்டி மாதிரி இடங்களில் சந்தேகம் அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதர்களை மறைப்பதுதான் கஷ்டம். காகிதத்தை மறைப்பது சுலபம். ஒரு வரைபடம், ஓர் ஆய்வு அறிக்கை, காற்றில் எடுத்த ஓர் அளவு... இதற்கு இரண்டு மூன்று கையெழுத்துகள் போதும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு லோக்கல் ரயிலில் வந்தால், வழியிலேயே எண்ணூர். அங்குள்ள கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கர், 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட கடலோரப் பகுதியாக இருக்கிறது. ஆனால், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநில அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம்! சூழலியல் ஆர்வலர்கள் 2017-ல் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக அதில் இறால் பிடித்தவர்களைக் கேட்டிருந்தால், அது இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது அதே கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. மணலியில் உள்ள சி.பி.சி.எல் சுத்திகரிப்பு நிலையம், தங்கள் குழாய்களில் கசிவே இல்லை என்றது. வெள்ளநீரோடு எண்ணெய் அந்த வளாகத்திலிருந்து வெளியேறியதாக மாசு கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. படகும் வலையும் கறுத்துப்போன மீனவர், அடுத்த முறை 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற அறிவிப்பை எப்படி நம்புவார்?

அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறி எழுந்த மக்கள், என்ன வாயு, எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். இந்த முறை வாரியம் அளவுகளை உடனே வெளியிட்டது. காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும், இருந்தது 2,090. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம், இருந்தது 49. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனாலும் எண் தெரிந்த பிறகு, 'எத்தனை பேர் செத்தாங்களோ' என்ற பேச்சுக்கு வேலை இல்லாமல் போனது. சண்டை ஆலையை மூடுவதா வேண்டாமா என்ற நிஜமான கேள்விக்கு நகர்ந்தது.

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு

ஆபத்தான ரசாயனம் கையாளும் ஆலை, அதன் அபாயங்களைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, சுற்றி வசிப்பவர்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும். 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த கடமை இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆபத்தான ரசாயனங்கள் குறித்த 1989 விதிகளின்படி, விபத்து நடந்தால் மதில் சுவருக்கு வெளியே இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் யாராவது அதைப் பார்த்திருக்கிறார்களா?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதற்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையவில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையம். இதில் ஒரு சூட்சுமம்: 'அந்த கம்பெனியில் என்ன நடக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'அப்படித் தகவல் ஏதும் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆலையின் இயக்க இசைவாணை நகல், கடைசியாக ஆய்வு செய்த தேதியும் அறிக்கையும், விபத்து நடந்த நாளின் காற்று மாதிரி முடிவு, அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் நோட்டீஸ். வணிக ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது அதையும் தரலாம் என்று சட்டமே சொல்வதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யலாம்.

முப்பது நாள் என்பது வாட்ஸ்அப்புக்கு முப்பது வருஷம் மாதிரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் முதல் ஆறு மணி நேரம் முக்கியம். யார் எந்த மருத்துவமனையில், என்ன நிலையில், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று குடும்பத்தாருக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் அதிகாரிகளே சொல்லிவிட்டால், நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு வீடியோ கால் போட வேண்டியிருக்காது.

ஃபாக்ஸ்கான் போராட்டத்துக்குப் பிறகு விடுதிகள் பற்றிய பேச்சு கொஞ்சம் மாறியது. 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரிய விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. கட்டில், கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் அதில் இருக்கிறது. அங்கே ஒரு பெண் ராத்திரி ஆம்புலன்ஸில் போனால், அவளுடைய அறைத் தோழி யாருக்கு போன் பண்ண வேண்டும் என்று அறைக்கதவில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தால், அதற்கு அதிகம் செலவாகாது.