உப்பு மண்ணில் புல்தரை: மழைக்கு முன்பே தயாராகுங்கள்

கோல்ஃப் மைதானத்துப் புல்லைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது குளிர் நாடுகளில் பெரிய வேலை. நம் மாநிலத்தில் அந்தக் கவலை ஊட்டி, கொடைக்கானலுக்கு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் புல் கருகிவிடும். அதனால் ஊட்டி தாவரவியல் பூங்காவில் வெயில் ஏறும் முன்பே புல்வெளியில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள்.

முத்தையாபுரத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் அருகம்புல் சோர்ந்துபோகும். தூத்துக்குடி கடற்கரையில் மார்கழி இரவிலும் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். இங்கே புல்லுக்கு எதிரி உப்பு. நர்சரிக்குப் புல் வளர்த்தாலும், பள்ளி மைதானத்தைப் பராமரித்தாலும், உங்களுடைய குளிர்கால வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிய வேண்டும்.

ஒரு அடி மழையின் கணக்கு

கோடை முழுவதும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுகிறீர்கள். நீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தரையில் வெள்ளைப் படிவு, நுனி கருகிய இலை, திட்டுத்திட்டாகக் காய்ந்த புல் ஆகியவை அதற்கு அடையாளம். அருகம்புல் உப்பைத் தாங்கும் புல்தான். ஆனால் மண்ணின் உப்பளவு 7 டெசிசீமன்ஸை நெருங்கித் தாண்டும்போது அதன் வளர்ச்சியும் குறையத் தொடங்கும்.

ஒரு அடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெளியேற்ற, ஒரு அடி உயர நல்ல நீர் அந்த மண் வழியாகக் கீழே இறங்க வேண்டும் என்பது மண்ணியல் கணக்கு. ஒரு அடி என்றால் 30 செ.மீ. மழை. பருவமழை சரியாகப் பெய்தால் அது நமக்குச் செலவில்லாமல் கிடைக்கும். ஆனால் இறுகிய தரையில் மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். இதைத் தவறவிட்டால் அடுத்த மழை வரை அந்த உப்போடுதான் புல் போராட வேண்டும்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

மண் பரிசோதனை: ஐந்தாறு இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, உப்பளவு, கார அமிலத் தன்மை இரண்டையும் பாருங்கள். வெறும் உப்பு மண்ணுக்கு நல்ல நீரும் வடிகாலும் போதும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் அது களர் மண்ணாக இருக்கலாம். அதற்கு ஜிப்சம் தேவைப்படும். அளவைப் பரிசோதனை முடிவின்படி முடிவு செய்யுங்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம்.

துளையிடுதல்: தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், முனையைச் சாய்வாக வெட்டிய அரை அங்குல இரும்புக் குழாயால் 3 முதல் 4 அங்குல ஆழத்துக்கு மண்ணை உருவி எடுங்கள். துளைகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளிக்கு மேல் வேண்டாம். உப்பில்லாத மணலுடன் நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து துளைகளை நிரப்புங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது. கோல்ஃப் மைதானங்களில் பந்துக் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பகுதியில், 10 செ.மீ. சரளைக்கு மேல் 30 செ.மீ. மணல் பரப்பிப் புல் வளர்ப்பதும் நீர் தேங்காமல் இறங்குவதற்காகத்தான்.

வடிகால்: இறங்கிய நீர் வெளியேற வழி வேண்டும். ஓரத்தில் வடிகால் வெட்டி, தாழ்வான பக்கம் சரிவு கொடுங்கள். உப்பளத்தை ஒட்டிய நிலமாக இருந்தால் அந்த நீர் உள்ளே வராதபடி வரப்பை உயர்த்துங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டிய மழையை மாவட்டம் மறந்திருக்காது. அத்தனை மழையை எந்த வடிகாலும் தாங்காது. ஆனால் மழை நின்றபின் நீர் எத்தனை நாள் தேங்குகிறது என்பது வடிகாலைப் பொறுத்தது.

உரம்: மழைக்கு முன் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மழை அதைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். எஞ்சியதால் இலை மென்மையாகிப் பூஞ்சாண நோய்க்கு இடம் கொடுக்கும். சாம்பல் சத்து வேருக்கு வலுவூட்டும். உப்பு மண்ணில் மியூரேட் ஆஃப் பொட்டாஷைத் தவிர்த்து, சல்பேட் ஆஃப் பொட்டாஷை சென்டுக்கு 200 கிராம் தூவுங்கள்.

மழையிலும் மழைக்குப் பின்னும்

மழைக்காலத்தில் புல்லை வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாக விட்டு வெட்டுங்கள். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஈரப் புல்லில் இயந்திரத்தை ஓட்டினால் தரை மீண்டும் இறுகும். துளையிட்ட வேலை வீணாகிவிடும்.

தை பிறந்ததும் உப்பளவை மறுபடியும் பரிசோதியுங்கள். புரட்டாசி முடிவையும் தை முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மழை எவ்வளவு உப்பைக் கழுவியது என்று தெரியும். குறையவில்லை என்றால் வடிகாலைத்தான் முதலில் பாருங்கள். அதன்பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், இடைவெளி விட்டு வேருக்குக் கீழே இறங்கும்படி காலையில் பாய்ச்சுங்கள். லேசாகத் தெளித்தால் உப்பு மேலேயே நின்றுவிடும்.