கூலி கொடுத்த நிவாரணம்

2013 நவம்பர் 8. ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டக்லோபன் நகரைப் புரட்டிப் போட்டது. நாடு முழுக்க ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தெருவெல்லாம் தகரம், மரம், சேறு. பிழைத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அங்கே வந்தது சூ ச்சி என்ற தைவான் பௌத்த அறக்கட்டளை. 'உங்கள் தெருவை நீங்களே சுத்தம் செய்யுங்கள். நாளுக்கு 500 பெசோ கூலி' என்று அறிவித்தது. வழக்கமான தினக்கூலியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்வெட்டியோடு ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். குப்பை அகன்று வழி பிறந்தது. கையில் காசு புரண்டதும் கடைகள் திறந்தன. இலவச அரிசி வயிற்றை நிரப்பும், கடைக்காரரை எழுப்பி நிறுத்தாது. இந்தக் கணக்கைப் போட்டவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 1966இல் தைவானின் ஹுவாலியனில், சூ ச்சியைத் தொடங்கிய செங் யென் என்ற பிக்குணி, முப்பது இல்லத்தரசிகளிடம் ஆளுக்கொரு மூங்கில் உண்டியலைக் கொடுத்தார். காய்கறி வாங்கப் போகுமுன் தினமும் ஐம்பது காசு போடவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தந்துவிடலாமே என்று கேட்டார்களாம். கூடாது, அடுத்தவர் நினைப்பு தினமும் வரவேண்டும் என்றார் அவர். பிறகு உண்டியல்கள் பல நாடுகளுக்குப் பரவின. நிவாரணத்துக்குப் போகும் தொண்டர்கள் பயணச் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள்.

வெள்ளக் காலத்தில் லாரியிலிருந்து பொட்டலம் வீசுவதை நாமும் பார்த்திருக்கிறோம். முண்டியடிக்கத் தெம்புள்ளவருக்குத்தான் அது கிடைக்கும்; கிழவிக்கும் கர்ப்பிணிக்கும் கிடைக்காது. சூ ச்சி அப்படிச் செய்வதில்லை. முதலில் வீடு வீடாகப் போய் நிலைமையைப் பார்க்கிறார்கள், பெயர்ப் பட்டியல் எடுக்கிறார்கள், சீட்டு கொடுக்கிறார்கள். குறித்த நாளில், நீலச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்த தொண்டர் பொருளை இரு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து தருகிறார். வாங்கியதற்கு நன்றி சொல்பவரும் கொடுப்பவரே.

2010 பாகிஸ்தான் வெள்ளத்தில் ஈரத் தரையில் குழந்தைகள் படுத்திருந்ததைப் பார்த்துத்தான், மடக்கித் தூக்கிச் செல்லும் கட்டிலை உருவாக்கினார்கள். பட்டியல் எடுக்கப் போகிறவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இப்படியும் ஒன்று கிடைக்கும்.

டக்லோபன் கத்தோலிக்கர்களின் ஊர். ஆனாலும் பௌத்தர் தந்த கூலிக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கூலி வாங்கிய பலர் பின்னாளில் தாங்களும் உண்டியலில் சில்லறை போடத் தொடங்கினார்கள்.