உப்புக் காற்றில் ஓடும் கார்: என்ஜின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் எப்போது மாற்ற வேண்டும்?

சென்னையிலிருந்து ஈசிஆரில் சுமார் 120 கி.மீ. வந்தால் மரக்காணம். சாலையின் இருபுறமும் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், உப்பு ஏற்றும் லாரிகள். தூத்துக்குடி, வேதாரண்யம் போலத் தமிழ்நாட்டின் முக்கியமான உப்பு விளையும் ஊர்களில் இதுவும் ஒன்று. வார இறுதியில் புதுச்சேரிக்குப் போகிற கார்கள் எல்லாம் இந்தக் காற்றைக் கடந்துதான் போகின்றன. இரவு இங்கே நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால், முன்பக்கக் கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு மங்கல் படிந்திருக்கும். வைப்பரைப் போட்டால் கண்ணாடி சுத்தமாகிவிடும். ஆனால், பானெட்டுக்குள் என்ன நடக்கிறது?

அதைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. கடற்கரைப் பக்கம் உள்ள எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இப்படி ஓர் உரையாடலைக் கேட்கலாம்:

"ஆயில் எப்ப மாத்துனீங்க தம்பி?"

"கடைசி சர்வீஸ்ல மாத்துனதுதான்ணே. ஆறாயிரம்தான் ஓடியிருக்கு."

"கிலோமீட்டரை விடுங்க. தேதியைச் சொல்லுங்க."

"அது... ஒன்றரை வருஷம் இருக்கும்ணே."

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் காரை எடுப்பவர்கள் பலரும் கிலோமீட்டரை மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள்.

கிலோமீட்டரா, மாதமா?

இன்றைய பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த 'எது முதலில்' என்பதுதான் முக்கியம். ஓடாமல் நிற்கும் காரிலும் ஆயில் கெடும்.

காரணம் எளிமையானது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் போய்விடும். கார் அரைமணி நேரம் தொடர்ந்து ஓடினால் என்ஜின் நன்றாகச் சூடாகி, அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். கடைத்தெருவரை இரண்டு கி.மீ. போய்த் திரும்பினால் சூடு போதாது. ஈரம் உள்ளேயே தங்கும். அத்துடன் எரியாத பெட்ரோலும் கரியும் சேரும். ஆயிலில் கலந்திருக்கும் துருத் தடுப்பு, அமிலத் தடுப்பு ரசாயனங்கள் மெல்லத் தீர்ந்துபோகும்.

கார் வாங்கும்போது தரும் கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். தூசி நிறைந்த சாலை, அடிக்கடி குறுகிய பயணம், உப்புக் காற்று போன்றவை அதில் வரும். அப்படி ஓட்டுபவர்களுக்கு மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். சில கார்களுக்கு அது பாதியாகக்கூட இருக்கும். கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

உப்புக் காற்று ஆயிலைக் கெடுக்குமா?

நேரடியாக இல்லை. காற்றில் வரும் உப்பு ஆயிலில் கலந்து என்ஜினை அரித்துவிடும் என்று நினைக்கத் தேவையில்லை. அதன் வேலை வெளியே நடக்கிறது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவிலும் அதிகாலையிலும் அந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். அதாவது, காரின் அடிப்பகுதியில் படிந்த உப்பு, மழை பெய்யாமலேயே நனைந்த உப்புநீர்ப் படலமாக மாறிவிடுகிறது. இரும்பு துருப்பிடிக்க இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை.

பல கார்களில் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பாத்திரமான ஆயில் சம்ப், மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது. ஆயில் ஃபில்டரின் கூடும் இரும்புதான். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, நாளடைவில் ஊசிமுனை அளவு ஓட்டை விழலாம். சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகும். பார்க்கிங் தரையில் கறை தெரிந்தால் அதிர்ஷ்டம்; மணல் தரையில் நிறுத்தினால் அதுவும் தெரியாது. ஆயில் சிவப்பு விளக்கு எரியும்போது என்ஜினில் எண்ணெய் அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும். அப்போது காரை ஓரம் கட்டி உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். 'வீடுவரை போயிடலாம்' என்று ஓட்டினால் செலவு ஆயிரத்தில் நிற்காது.

ஐந்து நிமிடச் சோதனை

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும் செய்யலாம்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜின் சூடான பிறகு அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள்; மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவி, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். மீண்டும் முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். இரண்டாவது முறை காட்டுவதுதான் சரியான அளவு.

அதில் இரண்டு குறிகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் நின்றால் போதும். பல கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். 'அதிகமா இருந்தா நல்லதுதானே' என்பது தவறு. மேல் குறியைத் தாண்டினால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது.

நிறத்தையும் கவனியுங்கள். பெட்ரோல் காரில் தேன் நிறத்திலிருந்து பழுப்பாக மாறுவது இயல்பு. டீசல் காரில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால், பால் கலந்த காபி போல இருந்தால் ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. காரை இயக்கக் கூடாது. ஊற்றாமலேயே அளவு கூடிக்கொண்டே போனால் எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். குறுகிய பயணமே செல்லும் பிஎஸ்-6 டீசல் கார்களில் இது நேரலாம்.

எந்த ஆயில்?

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கேனில் எழுதியிருப்பது ஆயிலின் தடிமன். முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. 'நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது' என்ற பழைய அறிவுரை புதிய என்ஜின்களுக்குப் பொருந்தாது. அவற்றின் உள்துவாரங்கள் மெல்லிய ஆயிலுக்கென்றே அமைக்கப்பட்டவை. கையேட்டில் உள்ள கிரேடையே வாங்குங்கள். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் காருக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் தனி வகை ஆயில் தேவை; மாற்றி ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

நீங்களே மாற்றலாமா?

வாரண்டி முடிந்த கார், கொஞ்சம் கருவிகள், சமதளத் தரை இருந்தால் முடியும். வாரண்டியில் உள்ள காருக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையமே பாதுகாப்பு.

ஒரு விதியை மீறவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகள் மீது காரை இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். உப்பளப் பக்கத்து இளகிய மண்ணில் இதை முயலவே வேண்டாம்.

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் எளிதில் வடியும். மேலே ஆயில் மூடியைத் திறந்து, கீழே அகலமான தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடற்கரைக் கார்களில் இந்த போல்ட் துருவேறி இறுகியிருக்கும். தலைக்குப் பொருத்தமான ஸ்பேனர் இல்லாமல் திருகினால் முனை மழுங்கிவிடும். ஆயில் வடியும் நேரத்தில் சம்பைத் துடைத்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

போல்ட்டை மாட்டும்போது வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்தால் ஆயில் பீறிட்டு வெளியேறும். புதிய ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும். கையேடு சொல்லும் அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை நிரப்புங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள்.

ஏர் ஃபில்டர்: காரின் மூக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க என்ஜினுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அதிலுள்ள தூசியைத் தடுப்பது மடிப்பு மடிப்பான ஒரு காகிதத் தட்டு மட்டுமே. மரக்காணம்-புதுச்சேரி இடையே 46 கி.மீ. தூரத்துக்கு நான்குவழிச் சாலை அமைக்க 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, மதிப்பு ரூ.2,157 கோடி. சாலை வேலை என்றால் தூசியும் கூடவே வரும். அந்த வழியில் தினமும் போய்வருபவர்கள் கையேட்டில் உள்ள கிலோமீட்டர்வரை காத்திருக்கக் கூடாது.

சோதிப்பது எளிது. ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி, தட்டு எந்தப் பக்கமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வெளியே எடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்புகளின் ஊடே வெளிச்சம் தெரியவில்லை என்றாலோ, காகிதம் கிழிந்திருந்தாலோ, நனைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். லேசான தூசி என்றால் தட்டி உதிர்க்கலாம். ஏர் அடிப்பதாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். எதிர்ப்புறம் அடித்தால் தூசி காகிதத்துக்குள்ளேயே இறங்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கிளிப்புகளும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். மூடி சரியாக அமராவிட்டால் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.

'ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடும்' என்பது இன்றைய கார்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, கணினி கட்டுப்பாட்டு எரிபொருள் அமைப்புள்ள கார்களில் அடைபட்ட ஃபில்டர் மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆகவே ஃபில்டரை மாற்றுவதற்கான முதல் காரணம் மைலேஜ் அல்ல, என்ஜினின் ஆயுள்.

வெள்ளத்தில் நின்ற காரை என்ன செய்வது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்தின் சில இடங்களிலும் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் கார் என்ஜின்கள் சாவது பெரும்பாலும் தண்ணீரில் நின்றதால் அல்ல; தண்ணீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியதால்.

காற்றைப் போலத் தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எனவே ஸ்டார்ட் செய்யாதீர்கள். தெரிந்தவர்கள் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாம். ஏர் ஃபில்டர் ஈரமாக இருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் அளவு கூடியோ பால் நிறத்திலோ தெரிகிறதா என்று பார்த்து, காரைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். சாதாரண காப்பீட்டில், தண்ணீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் வரும் சேதம் பல நேரங்களில் அடங்காது. 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பாலிசியைப் பாருங்கள்.

பழைய ஆயில் எங்கே போகிறது?

சிறிய பெட்ரோல் காரில் ஒருமுறை மாற்றினால் மூன்று லிட்டருக்கு மேல் பழைய ஆயில் மிஞ்சும். ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மரக்காணத்தில் இது வெறும் எண்ணிக்கை அல்ல. இங்கே தண்ணீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்துத்தான் உப்பு எடுக்கிறார்கள். பக்கத்திலேயே 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலம் இருக்கிறது. வாய்க்காலில் ஊற்றும் ஆயில் போய்ச் சேரும் இடங்கள் இவை.

இந்தியச் சட்டப்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. வீட்டில் மாற்றினால் பழைய ஆயிலை அதே கேனில் ஊற்றி, மூடி, சேகரித்து அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். வெளியே மாற்றினாலும், "பழைய ஆயிலை என்ன பண்றீங்க அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.