சாலைக்கு ஏற்ற மிதிவண்டி

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டியவை. எனினும் அவற்றின் நிலம் ஒன்றன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்கள் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் உள்ளன. மூணாறோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆதலால், முதன்முதலாக மிதிவண்டி வாங்குவோர் கடைக்குச் செல்லுமுன் தாம் நாள்தோறும் செல்லும் சாலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பந்தய மிதிவண்டியின் டயர் பெரும்பாலும் 23 முதல் 28 மில்லிமீட்டர் அகலமே உடையது. அது வழவழப்பான சாலையில் விரைந்து ஓடும். மலைப்பாதை மிதிவண்டியின் டயர் 50 மில்லிமீட்டர் அளவிலோ அதைவிட அகலமாகவோ இருக்கும். அது கல்லிலும் மண்ணிலும் வழுக்காது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே ஹைப்ரிட் மிதிவண்டி. அதன் கைப்பிடி நேரானது. டயர் பெரும்பாலும் 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலமுடையது. தார்ச்சாலையிலும் குண்டும் குழியுமான ஊர்ச்சாலையிலும் அதனை ஓட்டலாம்.

கியர்கள் மிகுந்திருப்பதே சிறப்பு என்று பலர் கருதுவர். முன்னால் 3, பின்னால் 7 பற்சக்கரங்கள் இருப்பின் 21 கியர்கள் என்பர். ஆனால் ஏற்றத்தில் உதவுவது எண்ணிக்கையன்று. மிகத் தாழ்ந்த கியரே. முன்சக்கரத்தில் 28 பற்களும் பின்சக்கரத்தில் 28 பற்களும் இருப்பின், மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். முன்னால் 48, பின்னால் 14 எனில் ஏறத்தாழ 7.5 மீட்டர் நகரும். முன்னது மூணாற்றின் ஏற்றத்திற்கு உரியது; பின்னது சமவெளிக்கு உரியது. சமவெளியில் மட்டும் செல்வோருக்குக் கியர் இல்லாத வண்டியே போதும். அதன் விலையும் குறைவு, பழுதும் குறைவு. எனினும் கணவாயில் காற்று எதிர்த்து வீசும் நாள்களில் சில கியர்கள் துணைபுரியும்.

மலையில் ஏறுவதைவிட இறங்குவதற்கே மிகுந்த கவனம் தேவை. சக்கரத்தின் விளிம்பைப் பற்றும் பிரேக், மழையில் பிடிப்புக் குறையும். டிஸ்க் பிரேக் மழையிலும் நன்கு பிடிக்கும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக், எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதைவிட மலிவானது. மலிவான வண்டிகளின் முன்புறத்தில் உள்ள ஸ்பிரிங் எடையைக் கூட்டுவதோடு, மிதிப்பவரின் ஆற்றலில் ஒரு பகுதியையும் வீணாக்கும். அதற்குச் செலவிடும் பணத்தை நல்ல பிரேக்கிற்குச் செலவிடலாம்.

பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று பெரிய வண்டியை வாங்கித் தருவது பல வீடுகளில் வழக்கம். கால் தரையில் எட்டாத பிள்ளையால் அவசரத்தில் வண்டியை நிறுத்த இயலாது. மேற்குழாயின் இருபுறமும் காலூன்றி நிற்கும்போது, குழாய்க்கும் உடலுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருத்தல் நன்று. இருக்கையை மேலும் உயர்த்த இடமிருப்பின், அவ்வண்டி சில ஆண்டுகள் பயன்படும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடலாகாது. தலைக்கவசம், விளக்கு, மணி, காற்றடிக்கும் பம்பு, பூட்டு ஆகியவற்றிற்கும் ஒதுக்குதல் வேண்டும். பணம் போதாவிடில் பழைய வண்டியும் வாங்கலாம். சட்டகத்தின் இணைப்புகளில் விரிசல் உண்டா, சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். உதிரிப்பாகம் உள்ளூரிலேயே கிடைக்குமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பழுது பார்க்க ஆளில்லாத வண்டி, எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், விரைவில் திண்ணையோரத்தில் சாய்ந்துவிடும்.