கோழிக்குஞ்சு என்ன இனம்? நிறத்தை நம்பாதீர்கள்!

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்க்கும் ஆசை நம்மவர்களிடம் இன்னும் குறையவில்லை. சந்தையிலிருந்து அட்டைப் பெட்டியில் குஞ்சுகள் வந்து இறங்கியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன கோழி?" விற்றவர் "அசல் கம்போங் கோழி" என்று சொல்லியிருப்பார். அதை நம்பிக் கூடுதலாகச் சில ரிங்கிட்டும் கொடுத்திருப்போம். அவர் சொன்னது சரிதானா?

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். குஞ்சின் பூமயிர் ஐந்தாறு வாரங்களில் உதிர்ந்து இறகு முளைக்கும். அந்த இறகும் மாறி, நான்கைந்து மாதத்தில்தான் நிலையான நிறம் தெரியும். உடலெங்கும் கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட பிளைமவுத் ராக் கோழி, குஞ்சாக இருக்கும்போது தலையில் வெளிர் பொட்டு வைத்த கறுப்புக் குஞ்சுதான்!

கால் சொல்லும் சேதி

நிறம் மாறினாலும் கால் விரல் மாறாது. பெரும்பாலான கோழிகளுக்கு ஒரு காலில் நான்கு விரல்கள். ஐந்து இருந்தால், நம் ஊரில் அது பெரும்பாலும் சில்கியாகவோ அதன் கலப்பாகவோ இருக்கும். பஞ்சு போன்ற இறகு, கறுத்த தோல், காலிலும் இறகு ஆகியவை அதன் மற்ற அடையாளங்கள். சீனர்கள் மூலிகை சூப்பில் போடும் கருங்கோழி இதுதான். இந்தோனேசியாவின் செமானியும் கறுப்புதான். ஆனால் அதற்கு இறகு, கொண்டை எல்லாமே கறுப்பு, விரல் நான்குதான்.

கொண்டையும் உருவமும்

ரம்பப் பல் போல நிமிர்ந்து நிற்பது ஒற்றைக் கொண்டை. ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப் போன்றவற்றுக்கு இதுவே வழக்கம். தலையோடு ஒட்டிய சிறிய கொண்டையும், நீண்ட கழுத்தும், உயர்ந்த காலும் சேர்ந்திருந்தால் அசில் போன்ற சண்டைக்கோழியின் இரத்தம் கலந்திருக்கலாம். நெஞ்சை நிமிர்த்தி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நடக்கும் குட்டிக்கோழி, கிளந்தானில் உருவான செராமா. வளர்ந்த சேவலே பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது.

தராசு பொய் சொல்லாது

நாம் ஏமாறுவது பெரும்பாலும் பிராய்லரிலும் அதன் கலப்பிலும்தான். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். நன்றாகத் தீனி தின்ற பிராய்லர் ஐந்து வாரத்தில் 2 கிலோவைத் தொடும். கம்போங் குஞ்சு அந்த வயதில் அரைக் கிலோவைக்கூட எட்டாது. இரண்டுக்கும் நடுவில் எடை ஏறினால், அது வேகமாக வளரும் கலப்பினமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது விலையைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. பிராய்லர் குஞ்சுக்கு நாள் முழுக்கத் தீனி வைத்து மாதக்கணக்கில் வளர்த்தால், உடல் பாரத்தைக் கால் தாங்காது. இதயமும் திணறும். வெயில் கடுமையான நாளில் திடீரென்று செத்து விழும். பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சிய கோழி அப்படிப் போவதைவிட, முன்கூட்டியே கண்டுபிடித்துத் தீனியை அளந்து வைப்பது நல்லது.

எந்த அடையாளத்திலும் பொருந்தாத குஞ்சாக இருந்தால் வருந்த வேண்டாம். கம்போங் கோழி என்பதே ஒரு தனி இனம் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பல கோழிகள் கலந்து வந்த கூட்டம். ஒரே தாயின் குஞ்சுகள் ஐந்து நிறத்தில் இருப்பதும் அதனால்தான். முடிந்தால் வாங்கும் இடத்தில் தாய்க்கோழியையும் சேவலையும் காட்டச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

தாமானில் குடியிருப்பவர்கள் இனத்தோடு சேவலா, பெட்டையா என்பதையும் கவனிக்க வேண்டும். எட்டு வாரத்திலேயே கொண்டை பெரிதாகிச் சிவந்தால் பெரும்பாலும் சேவல். மூன்று மாதம் ஆனதும் கழுத்திலும் வால் அடியிலும் கூர்மையான இறகு முளைத்தால் சந்தேகமே இல்லை. விடியுமுன் அது கூவத் தொடங்குவதற்குள், அக்கம்பக்கத்தாரிடமும் நகராண்மைக் கழகத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.