விலை போகாத கார்கள்

அமெரிக்கக் கார் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருபவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய 'மாடல் டி' 1908-இல் பிறந்தது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின. வண்டிச் சட்டம் நகர்ந்துகொண்டே வர, ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பூட்டும் முறை 1913-இல் வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 850 டாலர் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கிற்று. இவை பொது அறிவுப் போட்டிக்காக நாம் மனப்பாடம் செய்தவைதாமே! ஆனால் வென்ற காரைவிடத் தோற்ற கார்களின் கதையே சுவையானது என்பது எங்கள் எண்ணம். பயணியின் உயிரைக் காக்கும் பல ஏற்பாடுகள் விற்காமல் போன வண்டிகளில்தான் முதலில் தலைகாட்டின.

1934-இல் கிரைஸ்லர் நிறுவனம் 'ஏர்ஃப்ளோ' என்னும் காரை வெளியிட்டது. அதுவரை கார்கள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் இருந்தன. கார்ல் பிரீர் என்னும் பொறியாளர் காற்றுச் சுரங்கம் அமைத்து, மாதிரிகளை அதில் வைத்துச் சோதித்தார். விமானம் கண்ட ஆர்வில் ரைட்டிடமும் ஆலோசனை கேட்டார். அன்றைய கார்கள் முன்னோக்கிச் செல்வதைவிடப் பின்னோக்கிச் சென்றால் காற்றை எளிதாகக் கிழிக்கும் என்று தெரிந்தபோது அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்! ஏர்ஃப்ளோவின் உடல் எஃகுக் கூண்டாக உறுதியாய் அமைந்தது. ஆளில்லாத வண்டி ஒன்றைப் பென்சில்வேனியாவில் 110 அடி உயரத்திலிருந்து உருட்டிவிட்டு, பிறகு நிமிர்த்தி ஓட்டிக்கொண்டே போனார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். என்ன பயன்? பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கில் குறை சொல்வதுபோல, மக்கள் அதன் வளைந்த முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். முதலில் வந்த வண்டிகளில் தயாரிப்புக் குறைகளும் இருந்தன. 1937-உடன் ஏர்ஃப்ளோ நின்றது.

அடுத்தவர் பிரஸ்டன் டக்கர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், சிகாகோவில் போர்விமான எஞ்சின் செய்த பெரிய தொழிற்சாலையை வாடகைக்குப் பிடித்துப் புதுவகைக் கார் செய்யத் தொடங்கினார். 'டக்கர் 48' என்னும் அவ்வண்டிக்கு மூன்று கண்கள்! நடுவிளக்கு, வண்டி திரும்பும் பக்கமே தானும் திரும்பி வளைவில் வெளிச்சம் காட்டும். மோதினால் முன்கண்ணாடி சில்லுச் சில்லாக முகத்தில் குத்தாமல், சட்டத்தை விட்டு வெளியே கழன்று விழும். பயணிக்கு எதிரே இருக்கும் பலகையில் மெத்தை தைத்திருந்தது. எஞ்சின் பின்புறம். இருக்கைப் பட்டையையும் வைக்க நினைத்தார்களாம். பட்டை இருந்தால் 'இந்த வண்டி ஆபத்தானது போலும்' என்று மக்கள் எண்ணுவார்கள் என விட்டுவிட்டதாகச் சொல்வர். முதல் மாதிரியோடு சேர்த்து மொத்தம் 51 வண்டிகளே உருவாயின. முதலீட்டாளர்களை ஏமாற்றினார் என்று 1949-இல் டக்கர் மீது வழக்கு வந்தது. 1950 ஜனவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனால் அதற்குள் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. அந்த வண்டிகளில் ஒன்று இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பட்டை எதற்கு? தம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் காசு வைத்து, அட்டையைச் சுண்டிவிடும் சோதனையை வகுப்பில் நாம் அனைவரும் செய்திருக்கிறோம். அட்டை பறக்கிறது, காசு இருந்த இடத்திலேயே தம்ளருக்குள் விழுகிறது. நிலைமம் என்பது இதுதான். இருப்பது இருக்கவே பார்க்கும். ஓடுவது ஓடவே பார்க்கும். மணிக்கு 60 மைலில் போகும் கார் சுவரில் மோதினால் கார்தான் நிற்கிறது. உள்ளிருப்பவர் அதே 60 மைலில் முன்னே பாய்கிறார். எதிரே ஸ்டியரிங் தண்டு ஈட்டிபோல் காத்திருக்கிறது. பட்டையோ அவரைக் காரோடு கட்டிவைத்துக் காரோடு நிறுத்துகிறது.

நாஷ் நிறுவனம் 1950-ஆம் ஆண்டுக் கார்களில் பட்டையைக் கொடுத்துப் பார்த்தது. வாங்கியவர்களில் பலர் அதைத் தொடவே இல்லை. 1956-இல் ஃபோர்டு நிறுவனம் நடுப்பகுதி குழிந்த ஸ்டியரிங் சக்கரமும், மோதினாலும் எளிதில் திறவாத கதவுப் பூட்டும் எல்லாக் கார்களிலும் வைத்தது. கேட்டால் பட்டையும் தரும். சிலர் விரும்பித்தான் வாங்கினார்கள். ஆனால் அவ்வாண்டு ஃபோர்டைவிடச் செவ்ரோலே அதிகம் விற்றுவிட்டது. பாதுகாப்பைச் சொல்லிக் கார் விற்க முடியாது என்ற பேச்சு டெட்ராயிட்டில் நிலைத்துவிட்டது. எங்களுக்கு இங்கேதான் கோபம் வருகிறது. 1966-இல் அந்நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர்.

பேச்சை மாற்றியது ஒரு நல்ல கார் அன்று, பழி சுமந்த கார். செவ்ரோலேயின் 'கார்வேர்' 1960 மாடலாக வந்தது. காற்றால் குளிரும் எஞ்சின் பின்னால் இருக்கும். முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தில் காற்றழுத்தம் மிகுதியாக இருக்கவேண்டும். இதைப் பலர் கவனிக்கவில்லை. வளைவில் பின்பக்கம் வீசியடித்துக் கவிழ்கிறது என்று வழக்குகள் குவிந்தன. 1965-இல் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே இக்காரைப் பற்றியது. செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அவர் பின்னால் துப்பறிவாளரை அனுப்பியது. அது வெளிப்பட்டு, 1966-இல் நிறுவனத் தலைவரே செனட் குழுவின்முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று. 1969-இல் கார்வேர் நின்றது. 1972-இல் அரசே நடத்திய சோதனை, அது அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது! கார்வேர் பாவம்.

கடைசியாகக் காற்றுப் பை. மோதிய கண்ணிமைக்கும் நேரத்தில் உப்பி, தலையையும் மார்பையும் தாங்கும் பை அது. 1974 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபீல், பியூக், காடிலாக் ஆகிய பெரிய கார்களில் விரும்புவோர்க்கு அதை விற்றது. ஏறத்தாழ 10,000 பேரே வாங்கினர், ஆகவே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் புதிய கார்கள் அனைத்திலும் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப் பை கட்டாயமானது 1998 மாடல் ஆண்டில்தான். இடையில் ஓடிப்போனவை இருபத்திரண்டு ஆண்டுகள்.