பொருளடக்கத்தைக் கையால் அடிக்காதீர்கள்!



புராஜெக்ட் முடிந்தது, மெஷினும் ஓடுகிறது. ஆனால் வைவா அன்று எக்ஸ்டர்னல் முதலில் கையில் எடுப்பது ரிப்போர்ட்டைத்தான். 'டிசைன் கால்குலேஷன் - பக்கம் 23' என்று பார்த்துப் புரட்டினால் அங்கே செலவுப் பட்டியல் இருக்கிறது! கணக்கெல்லாம் சரியாக இருந்தும், "இதைக்கூடப் பார்க்கலையாப்பா?" என்றுதான் வைவா ஆரம்பமாகும். நாலு பேர் பட்ட பாட்டுக்கு இதுவா மரியாதை?

நம்மில் பலர் தலைப்பு, வரிசையாகப் புள்ளி, கடைசியில் எண் என்று கையாலேயே அடிக்கிறோம். அந்த எண்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லையே, ஏன்? சாதாரண டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். எண்ணிப் புள்ளி வைத்தால் நேராக நிற்கும். டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கில 'ஐ' ஒல்லி, 'டபிள்யூ' குண்டு. தலைகீழாக நின்றாலும் வராது! சரி, அழகுதானே போனால் போகட்டும் என்றாலும், கைடு "நடுவுல ஒரு டயாகிராம் சேருங்க" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பின்னுள்ள எண்களெல்லாம் அம்பேல்.

எது தலைப்பு என்று சொல்லிவிட்டால் பட்டியலை வேர்டே போட்டுவிடும். சூட்சுமம் இங்கேதான். ஒரு வரியைப் போல்டாக்கி 16 பாயிண்ட் கொடுத்தால் நம் கண்ணுக்கு அது தலைப்பு; வேர்டுக்கு வெறும் தடித்த வரி. அத்தியாயத் தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் பகுதியிலுள்ள ஸ்டைல்ஸில் 'ஹெட்டிங் 1' அழுத்துங்கள். கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான். உட்தலைப்புக்கு 'ஹெட்டிங் 2'. எழுத்து நீலமாக மாறினால் பயப்பட வேண்டாம். ஸ்டைல் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'மாடிஃபை'யில் ஒரே ஒரு தடவை கறுப்பாக்கினால், அந்த ஸ்டைல் கொடுத்த தலைப்பெல்லாம் கறுப்பாகிவிடும். எனக்குப் பிடித்த வசதியே இதுதான்.

பிறகு முன்பக்கம் வந்து, 'ரெஃபரன்சஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' எடுத்து, 'ஆட்டோமேட்டிக்' ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புள்ளி, எண் எல்லாம் தானே வந்து உட்காரும். லிப்ரே ஆபீஸ்காரர்கள் 'இன்சர்ட்' மெனுவில் தேடுங்கள். ஸ்டைல் வேலை அங்கும் இதேதான்.

ஆனால் ஒன்று: போட்ட பட்டியல், நீங்கள் பக்கம் சேர்க்கச் சேர்க்கத் தானாக மாறாது. பட்டியலுக்குள் கிளிக் செய்து எஃப்9 தட்ட வேண்டும். பக்க எண் மட்டுமா, முழுப் பட்டியலுமா என்று கேட்கும். தலைப்பையே மாற்றியிருந்தால் முழுப் பட்டியல்தான். ஆகவே எழுத்துப் பிழையைப் பட்டியலில் திருத்தாதீர்கள். அடுத்த எஃப்9-இல் பிழை திரும்பி வரும். உள்ளே இருக்கும் தலைப்பில் திருத்துங்கள்.

சான்றிதழ், நன்றியுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் வேண்டுமா? முதல் அத்தியாயத்துக்கு முன் 'நெக்ஸ்ட் பேஜ்' செக்‌ஷன் பிரேக் போட்டு, அத்தியாயப் பக்கத்தின் ஃபுட்டரில் 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை நீக்கிவிட்டு, எண்ணை 1-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

பிரிண்ட் எடுக்கும் கடையில்தான் கடைசி கண்டம். உங்கள் ஃபான்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் வேறு ஃபான்ட் வந்து உட்காரும். வரிகள் நகரும், பக்கமும் நகரும். வீட்டிலேயே எஃப்9 தட்டி, பி.டி.எஃப். ஆக்கி எடுத்துப் போங்கள். கடைக்காரர் "வேர்டு ஃபைல் இருந்தா குடுப்பா, அலைன் பண்ணித் தர்றேன்" என்று அன்பாகக் கேட்பார். கொடுத்துவிடாதீர்கள்!